நாலு மணியிலிருந்து ஏழு வரை

ஆலோசகர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து மூன்று பேரையும் மூன்று அறைகளில் உட்கார வைத்துவிட்டார். அம்மா, அப்பா, பதினைந்து வயது மகள்.

"உங்க பொண்ணோட ஒரு சாதாரண நாள். கண்ணு முழிக்கறதுலேருந்து தூங்கற வரைக்கும் மணிவாரியா எழுதுங்க. இருக்கணும்னு ஆசைப்படறதை எழுதாதீங்க, இருக்கறதை எழுதுங்க."

மகள் யாரிடம் வளர்வது என்று நீதிமன்றத்துக்குப் போகப்போகும் அறிக்கை இந்தத் தாள்களில்தான் ஆரம்பமாகும்.

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். மயிரிழை பிசகினாலும் அடுத்தவருக்குத் தலைவலி என்று பழகிய கை. அது கடகடவென்று எழுதிக்கொண்டு போய், மாலை நாலு மணியில் நின்றது. நாலிலிருந்து ஏழு வரை அவள் கடையில் இருப்பாள். வாலு வீட்டில் தனியாக இருப்பாள். மகளை அவள் அப்படித்தான் கூப்பிடுவது.

மூன்று வாரம் முன்பு ஒருநாள் சீக்கிரம் வீடு திரும்பியபோது வாலு சமையலறைத் தரையில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் போதைக்காகப் பொடித்த வலி மாத்திரை. முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தில் அறைந்து, தூக்கி நிறுத்தி நடக்கவைத்தாள். கண் திறந்த பிள்ளையிடம் அவள் முதலில் சொன்னது இதுதான்: "யார்கிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா உன்னை அப்பாகிட்ட அனுப்பிடுவாங்க." ஏன் சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. இரண்டு நாள் கழித்து, "சத்தியமா விட்டுட்டேன்மா" என்றாள் வாலு. அம்மா நம்பினாள். நம்புவது தோதாக இருந்தது.

'மாடி வீட்டு அக்காவிடம் கணக்குப் படிப்பாள்' என்று தாளில் எழுதி முடித்தாள். அவளும் வாலுவும் பேசிவைத்துக்கொண்டதுதான். மாடி வீடு பூட்டிக் கிடந்து ஆறு மாதம் ஆகிறது.

அரைமணி நேரத்தில் ஆலோசகர் கூப்பிட்டார். மூன்று தாள்களும் மேஜையில் இருந்தன.

"பொண்ணோட அப்பா எட்டு இடத்துல 'தெரியாது'ன்னு எழுதியிருக்கார். உண்மையைச் சொல்ற மனுஷன்தான். ஆனா பரீட்சையா இருந்தா முட்டை." லேசாகச் சிரித்தார். "உங்க தாளும் பொண்ணு தாளும் வரிக்கு வரி ஒத்துப்போகுது. காட்டலாமான்னு அவகிட்ட கேட்டுட்டேன், பாருங்க."

ஜெயித்துவிட்டோம் என்று புரிந்தது. மகளின் குண்டு எழுத்தில் நாலு மணியைத் தேடினாள். 'மாடி வீட்டு அக்காகிட்ட கணக்கு. தப்பா போட்டா திட்ட மாட்டாங்க, சிரிப்பாங்க. அவங்க பூனை என் நோட்டு மேல படுத்துக்கும்.'

பூனையை அவர்கள் பேசிவைக்கவில்லை.

அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. இல்லாத பூனை இத்தனை லகுவாக வந்து படுத்துக்கொள்கிறது. 'சத்தியமா விட்டுட்டேன்மா' என்பதும் இதே லகுவோடுதான் வந்தது. பொய்யை ஆரம்பித்து வைத்தது அம்மாதான். அதில் பிள்ளை அவளைத் தாண்டிப் போய் எவ்வளவோ நாளாகியிருக்கிறது. இந்த வழக்கில் ஜெயித்தால் அந்த மூன்று மணி நேரமும் கூடவே வீட்டுக்கு வரும்.

"மேடம், மாடியில யாரும் இல்ல" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆலோசகர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இன்னிக்கே டாக்டர் பார்க்கணும். தினமும் சிகிச்சைக்குப் போகணும், பகல்ல ஆள் பக்கத்துல இருக்கணும். அவர் வீட்டுல அவளோட அத்தை இருக்காங்க. அதனால இப்போதைக்கு அப்பா வீடுன்னுதான் எழுதுவேன். நீங்க மறைச்சதையும் எழுதணும்."

"எழுதுங்க."

"பின்னாடி மாறலாம். ஆனா வாக்குக் குடுக்க முடியாது."

மகளிடம் தனியாகப் பேசிவிட்டு ஆலோசகர் அவளை வெளியே அழைத்து வந்தார். வாலுவின் முகம் சுண்டியிருந்தது.

"நான் உனக்காகத்தானே எழுதினேன்."

"தெரியும்டி."

"அப்புறம் ஏன் காட்டிக் குடுத்தே?"

"நீ உயிரோட இருந்தாப் போதும். எங்க இருந்தாலும் சரி."

மகள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து கைபேசியை எடுத்தார். ஏழு வருடமாக வக்கீல் மூலமாகவே பேசிக்கொண்டவர்கள்.

"காலையில எத்தனை மணிக்கு எழுப்பறது? எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சொல்லு."

"ஆறரை. லைட்டைப் போட்டு எழுப்பினா எரிஞ்சு விழுவா, திரையை மட்டும் விலக்குங்க. எழுந்ததும் பேச்சுக் குடுக்காதீங்க. பசிச்சாலும் பசிக்கலன்னுதான் சொல்லுவா, தட்டை வெச்சுட்டு நகர்ந்துடுங்க. கோவம் வந்தா..."

நிறுத்த முடியவில்லை. அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கைபேசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா." வாலு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "எல்லாத்தையும் அவர்கிட்ட குடுத்துடாதே. கொஞ்சம் நீ வெச்சுக்கோ."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அவர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.