பம்பருக்கு அடியில் ஒரு வாய்

புதுக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், குளியலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்தபடி பிளம்பர் கழிவுக் குழாயின் மூட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். கண்ணாடி பொருத்தாத ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. பசை காய்வதற்குள் நனைந்துவிடப் போகிறதே என்று ஓர் அட்டையை எடுத்து மறைத்தான். அப்போதைக்கு அவனுக்கு இருந்த கவலை அவ்வளவுதான்.

மழை விடவில்லை. கொட்டோ கொட்டென்று கொட்டியது. எழுந்து வந்து கீழே எட்டிப் பார்த்தான். தெரு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கார் முன்பக்கத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே ஊர்ந்து போனது. அதன் பம்பர் வரைக்கும் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அவனுக்குத் தன் வீட்டுக் கார் ஞாபகம் வந்தது.

அவர்களுடையது பழைய கார். மேட்டில் ஏறும்போது ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுக்கும். என்ஜினுக்குள் போகும் காற்று குளிர்ச்சியாக இருந்தால் இழுவை கூடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தான். அதற்கென்று கடையில் விற்கும் சாமானை வாங்குவானேன்? தொழிலே குழாய்தானே. காற்று வடிகட்டி இருந்த பழைய பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டான். மூன்று அங்குலக் குழாய், இரண்டு வளைவு, ரப்பர் உறை, இறுக்கிப் பிடிக்க எஃகுப் பட்டைகள், நுனியில் கூம்பு மாதிரி ஒரு வடிகட்டி. பானெட்டுக்குள் அடுப்பாகக் கொதிக்கும் என்பதால் குழாயைக் கீழே இறக்கி, பம்பருக்குப் பின்னால் காற்று படும் இடத்தில் அதன் வாயை வைத்தான்.

வேலை செய்யத்தான் செய்தது. மேட்டில் கார் முன்பு போல் திணறவில்லை. கூடவே ஓர் உறுமல். அந்த உறுமலைக் கேட்கவே அவன் வீட்டுக்குச் சுற்று வழியில் வருவான்.

"சளி பிடிச்ச மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி.

"விடும்மா, மாப்பிள்ளை வண்டிக்கு மூக்கு வச்சிருக்காரு. தும்மாம இருந்தா சரி," என்றார் மாமனார்.

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, தரைக்கும் குழாய் வாய்க்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தார். "ஒரு சாண் தாண்டி கொஞ்சம் இருக்கு. வெயில் காலத்துக்கு அருமை. தண்ணியில இறங்கினீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி என்ஜின் உறிஞ்சிடும். மழைக்கு முன்னாடி பழைய பெட்டியை மாட்டிருங்க."

ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுகிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் இன்றைக்கே மாற்று என்பாள். அந்த உறுமலை இழக்க அவனுக்கு மனசில்லை.

இந்த மழையில் கார் வீட்டில்தான் நிற்கும், அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் பஸ்ஸில் போயிருப்பாள் என்று ஜன்னலருகே நின்றபடி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு போன் போட்டான். அவள் எடுத்ததும் வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கே?"

"அப்பாவுக்கு இன்னிக்கு மாவுக்கட்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாங்கல்ல? கடைக்கு லீவு சொல்லிட்டேன். மழையில ஆட்டோ ஒண்ணும் வரல, அதான் நம்ம வண்டியையே எடுத்துட்டேன். பார்த்து முடிச்சாச்சு, திரும்பிட்டிருக்கோம்."

மாமனார் படியில் வழுக்கி விழுந்து, இடது காலில் தொடை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தார். பின் சீட்டில் காலை நீட்டி, தலையணை வைத்துத்தான் உட்கார முடியும்.

"இப்ப எந்த இடம்?"

"ரயில் பாலம். அதுக்குக் கீழே இறங்கிட்டிருக்கேன்."

"இறங்காதே. ஓரமா நிறுத்து."

"ஏன்? முன்னாடி ஒரு கார் இப்பத்தான் போச்சு. நம்ம கார் மாதிரியேதான், நிறம் மட்டும் வேற. பின்னாடி லாரிக்காரன் வேற ஹாரன் அடிச்சே கொல்றான்."

"சொன்னாக் கேளு, நம்ம கார் வேற, அது..."

அவன் முடிக்கவில்லை. போனுக்குள் அந்த உறுமல் கேட்டது. அடுத்த நொடி, தொண்டையில் தண்ணீர் சிக்கியவன் மாதிரி ஒரு களுக். அதைத் தொடர்ந்து இரும்பில் இரும்பு மோதியது போல் ஒரே ஓர் அடி. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

"நின்னுடுச்சுங்க," என்றாள் அவள், சாதாரணமாக.

"சாவியைத் திருகாதே. திரும்ப ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதே."

"சரி. ஆனா தண்ணி உள்ள வருது. கதவுக்கு அடியில."

அந்தப் பாலத்தின் பள்ளம் அவனுக்குத் தெரியும். இரண்டு பக்கத்துச் சாலைத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும்.

"கண்ணாடியை இறக்கு. நாலையும். கரண்ட் இருக்கும்போதே இறக்கிடு."

"அப்பா நனைஞ்சிடுவாரு. கட்டு ஊறிப்போகும்."

"ஊறட்டும். இறக்கும்மா."

கண்ணாடிகளை இறக்கும் மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து மாமனாரின் குரல்: "என்னம்மா ஆச்சு? எதுக்குக் கண்ணாடியை இறக்குறே?" அவள் அப்பாவுக்குப் பதில் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி அவனிடம் கேட்டாள். "அப்பாவை எப்படிங்க இறக்குறது? அவரால காலை மடக்கவே முடியாதே. கதவு திறக்க மாட்டேங்குது."

"லாரிக்காரனைக் கூப்பிடு."

"அவன் ரிவர்ஸ் எடுத்துப் போயிட்டான். என்னங்க, தண்ணி சீட்டுக்கு..."

தொடர்பு அறுந்தது. திரும்பப் போட்டான். போகவில்லை.

லிப்ட் இன்னும் பொருத்தாத கட்டடம். படிகளை இரண்டு மூன்றாகத் தாவி இறங்கினான். ஸ்கூட்டரில் பாதி வழி போனதும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினான். முழங்கால் தண்ணீரில் ஓட்டம் ஓட்டமாக இல்லை. யாரையோ வேண்டிக்கொண்டே போனான். யாரை என்று அவனுக்கே தெரியாது. அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக முறுக்கிய தன் கைகள்தான் கண் முன்னால் வந்தன. ஒழுகாமல் இருக்கட்டும் என்று கடைசியில் இன்னும் ஒரு சுற்று இறுக்கியிருந்தான்.

பாலத்து இறக்கத்தில் ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே கும்பல் நின்றது. பள்ளத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழன்றது. நடுவில் வெள்ளையாக ஏதோ மிதப்பது போலத் தெரிந்தது. மிதக்கவில்லை. அது அவன் காரின் கூரை.

இறங்கியவனை ஒருவர் தோளைப் பிடித்து இழுத்தார். "வண்டி போனா போகுதுங்க. உசுருக்கு மேலயா?"

"உள்ள ஆளு இருக்கு," என்றான் அவன்.

பிடித்த கை விட்டுவிட்டது.

கழுத்தளவு தண்ணீர். காலுக்கு அடியில் சாலை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. காரின் கூரையைப் பிடித்து, பின் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டுத் துழாவினான். சீட்டின் முதுகு. பெல்ட். பிறகு மெத்தென்று ஏதோ கையில் பட்டது. பிடித்தான். இழுத்தான். வரவில்லை. அவன் வாயிலிருந்து வந்த சத்தம் அவனுடையதாகவே இல்லை. இன்னொரு முறை இழுத்ததும் அது மேலே வந்தது. மாமனாரின் காலுக்கு வைத்திருந்த தலையணை.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. முன் சீட்டுப் பக்கம் கையை விடத் தைரியம் வரவில்லை.

"என்னங்க." எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். "இங்க. இங்க இருக்கோம்."

அக்கரை மேட்டில் ஒரு பஸ் நின்றிருந்தது. அதன் படியில் அவள், தலைமுடி முகத்தில் ஒட்டி, ஒரு காலில் மட்டும் செருப்போடு. அவன் எப்படி அந்தப் பக்கம் ஏறினான் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

பஸ்ஸுக்குள் நீள சீட்டில் மாமனார் படுத்திருந்தார். கட்டு கஞ்சியாகக் கரைந்து வழிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண்டக்டர் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, பனியனோடு நின்றார்.

"நானும் டிரைவரும் ஜன்னல் வழியா உருவி எடுத்தோம்," என்றார் கண்டக்டர். "கண்ணாடி மட்டும் மூடியிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது சார். நீங்கதான் போன்ல இறக்கச் சொன்னீங்களாமே. நல்ல நேரத்துல மூளை வேலை செஞ்சுது உங்களுக்கு."

இரண்டு மூன்று பேர் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பற்கள் கிடுகிடுத்தன.

"முன்னாடி போன அந்தக் கார் மட்டும் எப்படிங்க போச்சு?" என்று கேட்டாள். "அதே தண்ணிதானே?"

அவன் சொன்னான். குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதையும், மெக்கானிக் சொன்னதையும் மறைக்காமல் சொன்னான். கண்டக்டர் திரும்பி ஓட்டுநர் பக்கம் போய்விட்டார்.

"மெக்கானிக் எப்ப சொன்னாரு?"

"வெயில் காலத்துல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமனார்தான் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் மாமனாருக்கு மறுபடி கட்டுப் போட்டு வீடு வந்து சேர்ந்ததும், அப்பாவுக்குத் தலை துவட்டியபடியே அவள் கேட்டாள். "சாவியைத் திருகாதேன்னு சொன்னீங்கல்ல. அது எங்களுக்காகவா, என்ஜினுக்காகவா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"என்ஜினுக்காக," என்றான். "தண்ணி உள்ள வருதுன்னு நீ சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுது."

அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அப்பாவின் அறையிலேயே படுத்தாள். தேவைக்குப் பேசினாள், அவ்வளவுதான். அவனுக்கோ தூக்கத்தில் கை தானாகவே எதையோ துழாவும். விழித்தால் போர்வை நுனி விரல்களுக்குள் கசங்கியிருக்கும்.

என்ஜினைப் பிரித்த மெக்கானிக், வளைந்து போன இரும்புத் தண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். கார் இனி வேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் பிளம்பர். மனைவிதான் சம்மதிக்கவில்லை.

"சரி பண்ணுங்க. இப்ப ஓட்டலைன்னா அப்புறம் நான் எந்த வண்டியையும் தொட மாட்டேன்."

சரியாகி வந்த நாள் நல்ல வெயில். அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறிக்கொண்டாள். பரணில் கிடந்த பெட்டியைத் திரும்ப மாட்டியிருந்ததால் என்ஜின் உறுமாமல் பழையபடி மூச்சு இழுத்தது. வீட்டுக்கு இரண்டு வழி இருந்தும் அவள் ரயில் பாலத்துப் பக்கம் திருப்பினாள். காய்ந்த சாலைதான், ஓரத்தில் மட்டும் சேறு. ஆனாலும் இறக்கம் கண்ணில் பட்டதும் அவன் கை கதவின் பிடியைப் பற்றியது. அவளுடைய விரல் முட்டிகளும் வெளுத்திருந்தன.

"வேற வழியில போகலாமா?" என்றான்.

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோங்க," என்றாள் அவள். அந்த மழைக்குப் பிறகு தேவைக்கு மேல் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அவன் மூடவில்லை. கார் இறங்கியது.