இறக்கம் தெரியாத பெட்டி

வாடகைக்கு வான் வண்டி ஓட்டுகிற அடைக்கலநாதனின் வண்டியில் எஞ்சினை ஆளுகிற கம்பியூட்டர் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் புகுந்து அது செத்துப்போனது ஒரு திங்கட்கிழமை. சனிக்கிழமை விடிய அந்த வான் உரும்பிராயில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகவேண்டும். அந்த ஆசிரியர்களில் ஒருத்தி பிரசாந்தி. அவளுடைய புருஷன்தான் வானைத் திருத்த எடுத்த ஜெனிஸ்ரன், கொக்குவிலில் கராஜ் வைத்திருப்பவன். ஆக, அவன் திருத்துகிற வானில் அவனுடைய மனைவியும் ஆறு வயது மகள் சாருஜாவும்தான் மலையேறப் போகிறார்கள். இதைவிடக் கவனமாக வேலை செய்ய ஒருவனுக்கு வேறு என்ன காரணம் வேண்டும்? கவனமாகத்தான் செய்தான். கெட்டதே அதனால்தான்.

வழி இரண்டு இருந்தது. கொழும்பிலிருந்து இதே இனத்துப் பழைய கம்பனிப் பெட்டி ஒன்றை எடுப்பித்து, அதற்குள் கம்பனி எழுதிவைத்த புரோகிராமில் நாலைந்து இடத்தை மட்டும் இந்த வானுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவது ஒன்று. அதற்குப் பத்து நாளாவது பிடிக்கும். மற்றது, கம்பனியின் எழுத்தையே தூக்கி எறிந்துவிட்டு, வெறும் பெட்டி ஒன்றைப் பூட்டி, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல், எப்போது பொறி என்று எல்லாவற்றையும் தானே புதிதாக எழுதுவது. அப்படியொரு தனிப்பெட்டி அவனிடம் இருந்தது. சார்ஜாவில் பந்தயக் கார்களோடு வேலை செய்துவிட்டு வரும்போது கொண்டுவந்தது. நாலு வருடமாக அலுமாரிக்குள் தூங்கியது.

"பயணத்தைப் பின்போட ஏலாதோ, அண்ணை?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"ஹோட்டல் புக் பண்ணியாச்சு, தம்பி. நீ சார்ஜாவிலை செய்யாத வேலையே?"

அந்த ஒரு வார்த்தை போதும். புகழ்ச்சிக்கு மயங்காத மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை. புதன்கிழமை பெட்டி பூட்டியாயிற்று. வியாழன் முழுக்க மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அடைக்கலநாதனை ஓட்டச்சொல்லி, பலாலி வீதியில் ஒருதரம், பண்ணைப் பாலத்தில் ஒருதரம், பிறகு ஏ-ஒன்பது பெருவீதியில் ஆனையிறவு வரைக்கும் போய் வந்தார்கள். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. எஞ்சின் ஒருக்கால்கூட இருமவில்லை. ஜெனிஸ்ரனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஒரு குறைதான் இருந்தது. "அக்சிலேற்றரிலை இருந்து காலை எடுத்த உடனை ஆரோ பின்னாலை பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் அடைக்கலநாதன். "ரீச்சர்மாருக்குச் சத்தி வரும், வானுக்கையே வாந்தி எடுப்பினம். வழுக்கிக்கொண்டு போகவேணும், தம்பி."

எங்கள் ஊர்ச் சாரதிகளுக்கு இது ஒரு பிடிவாதம். நேர் வீதியில் காலை எடுத்துவிட்டு வானை அதன்பாட்டில் உருளவிடுவார்கள், பெற்றோல் மிச்சம் என்று. தப்பென்றும் சொல்லமுடியாது, தட்டையான ஊரில் அது சரிதான். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் பார்க்கவேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் போகவேண்டும். ஜெனிஸ்ரன் ஐந்து நிமிடத்தில் அதைச் செய்து கொடுத்தான். காலை எடுத்த பிறகும் எஞ்சின் கொஞ்சம் காற்றும் கொஞ்சம் பெற்றோலும் குடிக்கும்படி எழுதிவிட்டான். இழுவை போயிற்று. வான் வெண்ணெயில் கத்தி போல வழுக்கியது. அந்த இழுவையைக் கம்பனிக்காரன் ஏன் வைத்தான் என்று அவன் யோசிக்கவில்லை. பனியிலும் மலையிலும் வருடக்கணக்காக ஓட்டிப்பார்த்து எழுதியவனுக்கு விசரா என்று அவனுடைய வாய் கேட்கவில்லை, மனமும் கேட்கவில்லை.

சனிக்கிழமை போனார்கள். ஞாயிறு மத்தியானம் பிரசாந்தி படம் ஒன்று அனுப்பினாள். தேயிலைக்கு நடுவே வீதி மடிந்து மடிந்து கீழே போனது. அதன் கீழே எழுதியிருந்தாள்: 'இனி இறக்கம். அடைக்கலம் அண்ணை உங்களைப் புகழ்ந்து முடியேல்லை.'

ஜெனிஸ்ரன் சிரித்துக்கொண்டுதான் பார்த்தான். இரண்டாந்தரம் பார்த்தபோது சிரிப்பு நின்றது. வீதியின் அடி படத்தில் தெரியவில்லை. இறக்கத்தில் வானைப் பிடித்து நிறுத்துவது பிறேக் மட்டுமல்ல, சின்னக் கியரில் எஞ்சினின் இழுவையும்தான். அந்த இழுவையைத்தான் அவன் வியாழக்கிழமை பின்னேரம் அழித்தான். இப்போது காலை எடுத்தாலும் எஞ்சின் வானை மெல்லமாய்த் தள்ளிக்கொண்டே இருக்கும். அடைக்கலநாதனுக்குப் போன் எடுத்தான். மணி அடித்து அடித்து நின்றது. பிரசாந்திக்கு எடுத்தான். மூன்றாந்தரம் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, இஞ்சை ஏதோ கருகி மணக்குது," என்றாள். அவளுடைய குரல் சின்னதாக இருந்தது. "அண்ணை கியரை ரெண்டுக்குக் குறைச்சுப் பார்த்தவர், வான் கேக்குதில்லை. பிறேக் பஞ்சு மாதிரிப் போகுதாம்." பின்னால் பிள்ளைகள் அழுவது கேட்டது. அதில் எது சாருஜா என்று அவனுக்குத் தெரிந்தது.

எஞ்சினை நிற்பாட்டினால் பெற்றோல் நிற்கும், இழுவை திரும்ப வரும். ஆனால் பதறிய கை சாவியை அளவுக்கு மிஞ்சித் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், வளைவில் வான் நேரே போகும். சொன்னால் ஒரு சாவு, சொல்லாவிட்டால் ஒரு சாவு. அவன் சொன்னான்.

"பிரசாந்தி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கியர் ரெண்டிலையே நிக்கட்டும். கிளச்சை மிதிக்க வேண்டாம். சாவியை ஒரு கிளிக் மட்டும் பின்னுக்குத் திருப்பச் சொல்லு. ஒண்டு. ரெண்டாவது கிளிக் போனால் ஸ்டியரிங் பூட்டிப்போடும்."

அவள் சொல்வது கேட்டது. ஒரு பிசகும் இல்லாமல், வகுப்பில் சொல்லுகிற மாதிரி, இரண்டுதரம் சொன்னாள். பிறகு போன் எங்கேயோ விழுந்தது. ஏதோ உரசுகிற சத்தம், நீளமாக. பிறகு ஒன்றுமில்லை. கராஜ் நிலத்தில் ஜெனிஸ்ரன் எப்போது குந்தினான் என்று அவனுக்கே தெரியாது. தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டான்.

"நிண்டிட்டுது," என்றாள் பிரசாந்தி, போனைத் தேடி எடுத்து. "மண்மேட்டோடை உரசிக்கொண்டு நிண்டிட்டுது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பிள்ளை என்ரை மடியிலை இருக்கிறாள்."

அவனுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. பிறகு அவள் கேட்டாள், "கொக்குவிலிலை இருந்துகொண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். பிறேக்கில் காற்று, பழைய வான், வெயில், ஆயிரம் சாட்டு இருக்கிறது. அங்கே எவருக்கும் விளங்கப்போவதில்லை.

"வானை அங்கையே விட்டிட்டு பஸ்ஸிலை வாங்கோ," என்றான். "அதை அப்பிடிச் செய்து விட்டது நான்தான்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அதை நீங்களே அண்ணையிட்டைச் சொல்லுங்கோ," என்று போனைக் கைமாற்றினாள்.

"தம்பி," என்றார் அடைக்கலநாதன், இவன் வாய் திறக்குமுன்னமே, மூச்சு வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டு. "மாதாதானடா உன்னைக் கதைக்க வைச்சவா. பதினாலு உசிர். எல்லாரையும் காப்பாத்தினது நீ."