அடுத்த பேர்

"ஐஸ் பொட்டியத் தொறங்கப்பா! மணி ரெண்டரை ஆவுது. மூணுக்கு ராகு காலம்" என்றார் இராமச்சந்திரன். வில்லியனூரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். லோடு வண்டி அனுப்புகிற அவசரத்தோடுதான் அவருக்கு எதையும் அனுப்பத் தெரியும், செத்துப்போன தம்பி உட்பட. காலையிலிருந்து அவர் பார்த்த பார்வைக்குக் கடிகார முள் வெட்கப்பட்டே நாலு சுற்று கூடுதலாக ஓடியிருக்கும்.

தலைமாட்டில் செல்வகுமாரி அழுது முடித்து, அலுத்தும் முடித்து உட்கார்ந்திருந்தாள். நேற்று கரும்புக் கொல்லையில் புருஷன் அரங்கநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து அபிஷேகப்பாக்கத்தில் பாதிப் பேர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாகிவிட்டது. மீதிப் பாதி வந்துகொண்டிருந்தது. கழுத்து வலித்தது.

மடியில் மகள் கார்த்திகா. ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால் நிற்காது, கை சொன்னதைக் கேட்காது, பேச்சு நிதானமாகத்தான் புறப்பட்டு வரும். புத்தி மட்டும் எல்லாருக்கும் முன்னால் போய்க் காத்துக்கொண்டிருக்கும்.

வாசலில் சலசலப்பு. தலைமையாசிரியர் புகழ்வேந்தன் ஒரு ரோஜா மாலையும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேருமாக வந்தார். அவரைப் பார்த்ததும் அரங்கநாதன் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து சண்டைக்குப் போய்விடுவானோ என்று செல்வகுமாரி ஒரு நொடி பயந்தாள். மூன்று வருஷச் சண்டை அது.

சேர்க்கப் போன அன்றே, "பேரு ரிஜிஸ்டர்ல இருக்கட்டும், புள்ள வூட்ல இருக்கட்டும்" என்றிருந்தார் அவர். இவன் கேட்கவில்லை. துண்டால் மகளைத் தன் வயிற்றோடு கட்டி, மொபெட்டில் தினமும் கொண்டுபோய் விட்டான். அப்புறம் பள்ளிக்கூடத்தில் சாய்தளம் கட்டினார்கள். ஏறுகிற ஆடு சறுக்கினால் பாகூரில் போய்த்தான் விழும், அவ்வளவு செங்குத்து. ஆண்டுவிழாவில் கார்த்திகாவை எந்தப் போட்டியிலும் சேர்க்காமலே முதல் பரிசு என்று ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்துக் கை தட்டினார்கள். அரங்கநாதன் மேடையேறி அதைத் திருப்பிக் கொடுத்தான். "தோக்கவாவது வுடுங்க சார்" என்றான்.

இப்போது புகழ்வேந்தன் மாலையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் குனிந்தார். "கவலப்படாதம்மா. இனிமே இத யாரு தூக்கினு வருவா? வூட்லயே வச்சிக்க. வருகை நான் போட்டுக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். செல்வகுமாரி தலையை ஆட்டினாள். மறுக்கத் தெம்பில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடம் அவன் பாடு. அவள் அந்த வகுப்புக்குள் ஒருநாளும் போனதில்லை. மடியில் கார்த்திகாவின் உடம்பு மட்டும் விறைத்துக்கொண்டது.

வாய்க்கரிசி தொடங்கியது. பங்காளிகள் போட்டார்கள், உறவுக்காரர்கள் போட்டார்கள். "பொண்ணு போடணுமே" என்றது ஒரு குரல்.

"இதுவா?" என்றாள் அரங்கநாதனின் அக்கா தனக்கொடி. "அரிசி கீழ சிந்துனா குடும்பத்துக்கு ஆவாது. நான் போட்டா அது போட்ட மாதிரிதான்." எந்தச் சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை. தனக்கொடி நின்ற இடத்திலேயே சாஸ்திரம் உண்டாக்கக்கூடியவள்.

"நா...னே" என்றாள் கார்த்திகா.

செல்வகுமாரி அவளைத் தூக்கிப் பெட்டியருகே மண்டியிட்டாள். முதல் பிடி அவள் புடவையிலேயே சிந்தியது. இரண்டாவது பிடி எங்கெங்கோ போய் இராமச்சந்திரனின் கடிகாரத்தின் மேல் விழுந்தது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ரெண்டு அம்பது!" என்றார் அவர். "கையப் புடிச்சிப் போட வைம்மா!"

"புடி செல்வி, புடி!" என்றாள் தனக்கொடி.

செல்வகுமாரி மகளின் மணிக்கட்டை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

"புடிக்காதீங்க அத்த. வரும்."

இரட்டைச் சடைப் பெண் ஒன்று கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்திருந்தது.

"நீ யாருடி?" என்றாள் தனக்கொடி.

"சிந்து. அவளுக்கு அடுத்த பேரு."

"இன்னாது?"

"அட்டெண்டன்ஸ்ல. சாரு கார்த்திகான்னு கூப்புடுவாரு. அவ 'உள்ளேன் ஐயா' சொல்ல நேரம் ஆவும். அதுக்குள்ள சாரு எம் பேரக் கூப்டுருவாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். அவ சொன்னப்பறந்தான் சொல்லுவேன்."

"சாரு திட்ட மாட்டாரா?"

"திட்டுவாரு." சிந்து கொஞ்சம் யோசித்து மிச்ச உண்மையையும் சொன்னாள். "பசங்க அந்த நேரத்துல வூட்டுப்பாடத்தப் பாத்து எழுதிப்பாங்க."

புகழ்வேந்தன் மாலையை இன்னொரு தடவை சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் பதினோரு பேரும் நின்றார்கள். ஒருத்தன் முட்டியைச் சொறிந்தான். ஒருத்தி பந்தலில் இருந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள். கார்த்திகாவின் கை வலப்பக்கம் போயிற்று, மேலே போயிற்று, பெட்டி விளிம்பில் இடித்துக்கொண்டது, திரும்பி வந்தது. யாரும் பெருமூச்சு விடவில்லை. வந்து சேர்ந்தபோது அரிசியில் பாதி மீசையிலும் கொஞ்சம் மூக்கிலும் மீதி வாயிலும் விழுந்தது.

மணி மூன்று தாண்டியிருந்தது. வானம் இடிந்து விழவில்லை.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது சிந்து மறுபடி வந்தாள். "என்னிக்கி அனுப்புவீங்க அத்த?"

"அது வந்தும்மா..." என்று புகழ்வேந்தன் ஆரம்பித்தார்.

"பதினாறு ஆவட்டும்" என்றாள் செல்வகுமாரி. குரல் தேய்ந்துபோயிருந்தது. "அதுவரைக்கும் வருகை போடாதீங்க சார். வராத நாளுக்கு ஆப்சென்ட்டே போடுங்க."

மேளம் எழும்பியது. அந்த நேரம் பார்த்துத்தான் கார்த்திகா அவள் காதில் சொன்னாள். "ம்மா... ஒண்...ணுக்கு."

"செல்வி, தூக்கறாங்க! வாடி!" என்று பெண்கள் கூப்பிட்டார்கள். அவள் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். தினமும் இந்தக் கனத்தை அவன்தான் தூக்கினான். குளியலறைச் சுவரில், கார்த்திகாவின் உயரத்துக்கு, ஒரு குழாய்த் துண்டைக் கைப்பிடியாகப் பதித்து வைத்திருந்தான். செல்வகுமாரி எந்தப் பக்கம் நின்றாலும் பிள்ளை சரிந்தது.

மேளச் சத்தம் தெருமுனையில் திரும்பிச் சன்னமாகியது.

கார்த்திகா கால் கட்டைவிரலால் ஈரத் தரையில் ஓரிடத்தைத் தேடித் தேடித் தொட்டாள். "அப்பா... இங்...க நிப்பாரு."

செல்வகுமாரி புடவையைச் செருகிக்கொண்டு அங்கே நகர்ந்து நின்றாள்.