வண்டி கேட்டவர்

"மேல் பட்டனைப் போடாதீங்க. அவருக்குப் பிடிக்காது."

இரண்டாவது முறையாகச் சொன்னாள். சவப்பெட்டியின் மேல் குனிந்திருந்த சபை மூப்பர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்துவரை பட்டனை மாட்டி, டையையும் இறுக்கினார். அவள் அவர் கையை விலக்கிவிட்டு டையைக் கழற்றினாள். பட்டனையும் திறந்துவிட்டாள்.

"போட்டோவுல நல்லா இருக்காதேம்மா."

"அவருக்கு எதுக்குய்யா இனிமே போட்டோ?"

அவள் கணவர் கல்லூரி நூலகர். கோடை விடுமுறை வந்தால் போதும், சபையின் சார்பில் மாணவர்களை மலைக்கு ஊழியத்துக்கு அழைத்துப் போய்விடுவார். பிரசங்கம் அவருக்கு வராது. கிணறு தூர்வாருவது, கூரை போடுவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என்று மாணவர்களை வேலையில் இறக்கிவிட்டுத் தானும் மண்ணில் இறங்குவார். கிளம்புமுன் வருடா வருடம் ஒரே பேச்சு: "அங்க இருக்கிற ஜனங்க உங்க ஆல்பத்துக்காகப் பொறக்கல. போனைப் பைக்குள்ள போடு, மண்வெட்டியைக் கையில எடு." இந்த வருடம் மலைமேல் ஒரு ஜெபக்கூடம், அதை ஒட்டி ஒரு வகுப்பறை. அதைக் கட்டி முடித்துத் திறக்கும் நாளில்தான் செத்துப்போனார்.

இப்போது ஆலயத்தின் முன்சுவரில் அவர் படம் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. 'மலையில் விதைக்கப்பட்ட கோதுமை மணி' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, 'அடுத்த ஊழியப் பயணத்துக்கு இன்றே பெயர் கொடுங்கள்.'

"பெட்டி வர்றதுக்கு முன்னாடியே பேனர் வந்திடுச்சா?" என்று கொழுந்தனிடம் கேட்டாள்.

"அண்ணி, அடக்கம் முடியட்டும். இப்ப எதுவும் பேசாதீங்க."

போதகர் வந்து அவள் எதிரே நின்றார். "சிஸ்டர், நாங்க எவ்வளவோ கெஞ்சினோம். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு தலையால தண்ணி குடிச்சுப் பார்த்தோம். கேட்கலியே."

அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் பிரிவில் இருப்பவள் அவள். குழாயில் ஏன் காற்று வருகிறது என்பதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லும் மனிதர்கள் நடுவில்தான் அவள் பிழைப்பு. கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு வரும் பதிலை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இறந்த நாள் காலையில் அவர் போன் செய்திருந்தார். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. "நெஞ்சு ஒரு மாதிரி பிசையுது. வண்டி கேட்டிருக்கேன். கீழ ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டுப் பேசறேன். நீ பதறாத."

"இப்பவே கெளம்புங்க."

"வண்டி தரணும்ல?" என்றார். இணைப்பு அறுந்தது. அதன் பிறகு அவள் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. பொழுது சாய்ந்தபோது போதகர்தான் பேசினார்.

ஆராதனை தொடங்கியது. பாட்டு, வேதவாசிப்பு, பிறகு போதகர் மேடையேறினார். மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நம்ம சகோதரர் கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? 'பாஸ்டர், இந்தக் கூடத்தைத் திறக்காம நான் இந்த எடத்தை விட்டு அசைய மாட்டேன். என் உயிர் போனாலும் இங்கயே போகட்டும்.' எப்பேர்ப்பட்ட வார்த்தை!"

"ஆமென்" என்றது கூட்டம்.

அவள் எழுந்தாள். கொழுந்தன் அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டாள்.

"அவர் வண்டி கேட்டார்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பின்வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்தினார்.

"சிஸ்டர், உட்காருங்க."

"காலையில என்கிட்டப் பேசினார். வண்டி கேட்டிருக்கேன்னு சொன்னார். எங்க போச்சு அந்த வண்டி?"

போதகர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "துக்கம் தாங்காமப் பேசறாங்க. அவங்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபிப்போம். எல்லாரும் கண்ணை மூடுங்க."

எல்லோரும் மூடிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தபடி அவள் மட்டும் நடுவில் நின்றாள். இத்தனை பேரை இவ்வளவு சுலபமாகக் குருடாக்கிவிட முடிகிறதே என்றிருந்தது. அப்போதுதான் மாணவர்கள் வரிசையில் இன்னொரு ஜோடிக் கண் திறந்திருப்பதைப் பார்த்தாள். 'ரேடியோ.' ஓயாமல் பேசுகிறாள் என்று அவர் வைத்த பெயர். வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போதும் பேச்சு நிற்காது. அந்தப் பெண் ஊர் திரும்பியதிலிருந்து வாயே திறக்கவில்லை.

ரேடியோ எழுந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

"வண்டி... கூடம் கட்டப் பணம் கொடுத்த பெரியவரைக் கூட்டிட்டு வரப் போச்சு."

ஜெபம் பாதியில் நின்றது.

"சார் திரும்பத் திரும்பக் கேட்டாரு. வாயுவா இருக்கும், சுடுதண்ணி குடிங்க, விழா முடியட்டும்னு பாஸ்டர் சொன்னாரு. அப்புறம் வண்டி வந்திடுச்சு. பெரியவர் இறங்கிட்டாரு. சார் ஏறப் போனாரு. பெரியவர் பேர் போட்ட திறப்புவிழாக் கல்லைக் கீழயே மறந்துட்டாங்கன்னு, வண்டியை உடனே திருப்பி அனுப்பிட்டாங்க."

"உட்காரும்மா!" மூப்பர் எழுந்தார். "சாவு வீட்டுல என்ன பேச்சு இது?"

"சாவு என் வீட்டுல" என்றாள் அவள். "அவ பேசட்டும்."

ரேடியோ இப்போது அவளை மட்டுமே பார்த்துப் பேசினாள். "நாங்களே ஒரு கம்புல போர்வையைக் கட்டி சாரைத் தோள் மாத்தி மாத்தித் தூக்கிட்டு இறங்கினோம் ஆன்ட்டி. எல்லாம் கல்லுப் பாதை. மெதுவா, மெதுவா, நீங்க விழுந்துடாதீங்கன்னு எங்ககிட்டச் சொல்லிட்டே வந்தாரு. அப்புறம் சொல்லல." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "எதிர்ல வண்டி வந்துச்சு. கல்லை ஏத்திக்கிட்டு."

யாரோ ஒரு பெண் விசும்பினாள்.

"இதை வெளியில சொன்னா ஊழியம் நின்னுடும், சாரோட கனவே செத்துடும்னு எங்ககிட்டச் சொன்னாங்க."

போதகரின் முகம் வெளிறியது. "இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? அந்தக் கூடம் அந்த ஜனங்களுக்குத்தானே..."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள். "தப்பாப் போச்சு, என் புத்தி கெட்டுப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அழுதுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உயிரோட இருக்கும்போது அவர் சொன்னது உங்க காதுல ஏறல. செத்தப்புறம் சொல்லாததை அவர் வாயில வைக்கிறீங்க. கூச்சமா இல்ல உங்களுக்கு?"

அவள் மாணவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பெட்டியைத் தூக்குங்கப்பா."

பாதிப் பேர் பெட்டியின் பின்னால் வந்தார்கள். மீதிப் பாதி போதகரைச் சுற்றி நின்று, 'இந்த நேரத்தில் இது தேவையா' என்று பேசிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லறையில் ஜெபம் சொல்ல ஆள் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கொழுந்தன் தொண்டையைச் செருமினான். சிறுவயதில் பாடம் பண்ணிய ஜெபம். நடுவில் ஒரு வரி மறந்துபோய் நின்றான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டிருந்த குழிவெட்டி அந்த வரியை மெல்ல எடுத்துக் கொடுத்தார். இவன் பிடித்துக்கொண்டு முடித்தான்.

திரும்பும் வழியில் கொழுந்தன் அவள் பக்கத்தில் வந்து நடந்தான். "அண்ணி... போலீசுக்குப் போறதா இருக்கீங்களா?"

"ஆமா."

"சபையோட மோத முடியுமா நம்மால?"

"ஊர்ப் புகாரெல்லாம் வாங்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணு எழுதத் தெரியாதா?"

"நானும் வரேன்" என்றான். பிறகு, "அப்பவே உங்க கையைப் பிடிச்சிருக்கக் கூடாது" என்றான்.

மாணவர்கள் அவள் வீட்டுக்கே வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. கூடத்தில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். அவள் சமையலறையில் டீ போட்டாள். ரேடியோ பின்னாலேயே வந்தாள்.

"டம்ளர் எங்க இருக்கு ஆன்ட்டி?"

"மேல் தட்டுல."

கை பாதி உயரம் போய் நின்றது. பெண் பல்லைக் கடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். அதுவும் எட்டவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். ரேடியோவை ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டைக் கழுத்தை ஓரமாக நகர்த்திப் பார்த்தாள். இரண்டு தோளிலும் குறுக்காகக் கம்பு பதிந்த தடம். நடுவில் கருநீலம், ஓரத்தில் மஞ்சள். ஓரிடத்தில் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"யார்கிட்டயும் காட்டலியா?"

"இல்ல."

அலமாரியிலிருந்து களிம்பை எடுத்து வந்தாள். விரலில் எடுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்தாள்.

"எரியுதா?"

"இல்ல ஆன்ட்டி."

கூடத்தில் யாரோ டீ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவள் விரல் தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று.