விடுவதற்கும் ஒரு மாத்திரை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு சம்பத் பஸ் ஓட்டினான். குடியாத்தத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆறு மணி சைரனுக்கு முன் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். அவன் மனைவி பூரணியும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட் அவளுடையது.

முன்பெல்லாம் ஷிப்ட் எட்டு மணிக்குத்தான். நான்கு வருடத்துக்கு முன் ஏதோ பெரிய ஆர்டர் என்று ஆறு மணிக்கு இழுத்துவிட்டார்கள். சம்பத் மூன்றரைக்கு எழ வேண்டும் என்றானது. அதற்கு எட்டரைக்காவது படுக்க வேண்டும். தெருவில் பவர்லூம் அத்தனையும் தடதடவென்று ஓடுகிற நேரம் அது. எந்த மனிதனுக்குத் தூக்கம் வரும்? கிளினிக் டாக்டர் ஒருவர் பத்து நாளைக்கு என்று சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாத்திரைக்கே அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

பத்து நாள் முடிந்தது. மாத்திரை இல்லாத அன்று கண் மூடவில்லை. மெடிக்கல் ஷாப் ரத்தினசாமியிடம் காலி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினான். அவர் டாக்டர் சீட்டைக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் காலி அட்டையும் தேவைப்படவில்லை. சம்பத் தலையைப் பார்த்ததுமே டிராயரைத் திறந்தார். ஒன்று போதாமல் இரண்டானது, இரண்டு மூன்றானது. சம்பத்துக்கு பீடி கிடையாது, தண்ணி கிடையாது. தன்னிடம் ஒரு பழக்கம் இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆடி மாதம் ஒரு விடியற்காலை, மாதனூர் பக்கத்துப் பாலத்தை நெருங்கும்போது, அவன் கண் திறந்தேதான் இருந்தது. ஆள்தான் அங்கே இல்லை. இடது பக்கச் சக்கரங்கள் தாரைவிட்டு இறங்கி ஜல்லியில் கரகரத்தன.

"அண்ணா! அண்ணா!" என்று கட்டிங் பிரிவு மஹ்பூபி கத்தினாள்.

பாலத்தின் கைப்பிடிச் சுவர் எதிரே பெரிதாகிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினான். சீட்டுக்கடியில் டிபன் டப்பாக்கள் உருண்டன. வண்டி நின்றது.

"நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சும்மா," என்றான் சம்பத்.

பூரணி கண்ணாடியில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நாயும் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பீரோவில் இருந்த அட்டைகளை எல்லாம் பிரித்துக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். "நாப்பது பொம்பளைங்க உசுரு. இனிமே தொட்டன்னா பாரு," என்றான். பூரணிக்குக் கண் கலங்கியது. இரண்டு நாள் லீவு சொன்னான். வாழ்க்கையில் தான் எடுத்த நல்ல முடிவுகளில் இதுவும் ஒன்று என்றுதான் அவன் நினைத்தான்.

அந்த நல்ல முடிவுதான் அவனைக் கீழே தள்ளியது.

முதல் நாள் தூக்கம் வராது என்பது அவன் எதிர்பார்த்ததுதான். மறுநாள் நடந்தது எதையும் எதிர்பார்க்கவில்லை. ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தவனுக்குச் சட்டை தொப்பலாக நனைந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. டீ டம்ளர் கையில் நிற்கவில்லை. வருஷக்கணக்காகக் கேட்ட தறிச் சத்தம் மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. மிக்ஸி போட்டதற்குப் பூரணியிடம் கத்தினான். கத்திவிட்டு, எதற்குக் கத்தினோம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் வண்டி எடுக்கக் கிளம்பினான். ஆணியில் சாவி இல்லை.

"சாவி எங்க?"

"குடுக்க மாட்டேன். உங்க கையப் பாருங்க, எப்பிடி நடுங்குதுன்னு."

"ரெண்டு நாளா தூங்கல, அதான். வண்டில ஏறி உக்காந்தா சரியாய்டும். இன்னா, பேஜார் பண்றியா?"

"யாசிருக்குப் போன் பண்ட்டேன். அவரு வந்து எடுத்துட்டுப் போவாரு."

யாசிர் ஸ்பேர் டிரைவர். லீவு போட்ட இரண்டு நாளும் அவன்தான் ஓட்டினான், அது வேறு. தன் வண்டியில் இன்னொருத்தன் ஏறுவதை வாசலில் நின்று பார்க்கிற நிலைமை வந்ததே என்று சம்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை போட்டு ஓட்டினபோது கொடுத்த சாவியை, விட்ட பிறகு ஒளித்து வைக்கிறாளே! வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் சாவியை யாசிரிடம் கொடுத்தனுப்பினாள். அன்று வேலைக்கும் போகவில்லை.

எட்டு மணிக்கு சலூனுக்குப் போனான். நாற்காலியில் சாய்ந்து கன்னத்தில் நுரை பூசிக்கொண்டது வரைதான் அவனுக்கு நினைவு. அப்புறம் கண் விழித்தபோது தரையில் கிடந்தான். நாக்கு கடிபட்டு ரத்தம் உப்புக் கரித்தது. யாரோ ஒரு கொத்துச் சாவியை அவன் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "வலிப்பு, வலிப்பு" என்று தலைக்கு மேலே பேச்சுக் கேட்டது. தனக்கில்லை, வேறு யாருக்கோ என்றுதான் அவன் நினைத்தான்.

ஆட்டோவில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"டெய்லி குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"ரெண்டு நாளா நிறுத்திட்டீங்களா?"

"தொட்டதே இல்லீங்க சார்!"

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் எதற்கு விழுந்தேன் என்று கேட்டான். அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் அஃப்ரோஸ் என்ற இளம் டாக்டரம்மா வந்தாள். பூரணி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள். காலி மாத்திரை அட்டைகள். கட்டிலுக்கடியில், சட்டைப் பையில், பஸ் டாஷ்போர்டில் என்று அவள் பொறுக்கி வைத்திருந்தவை.

டாக்டர் ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "எத்தன வருஷமா?"

"நாலு," என்றாள் பூரணி.

"எப்ப நிறுத்துனாரு?"

"மூணு நாளாச்சு. மொத்தமா நிறுத்திட்டாரும்மா."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நிறுத்துனது தப்பு இல்லண்ணா. ஒரே நாள்ல நிறுத்துனதுதான் தப்பு. நாலு வருஷமா இந்த மாத்திரை உங்க மூளைய அழுத்திப் பிடிச்சு வச்சிருந்துச்சு. நீங்க திடீர்னு கைய எடுத்துட்டீங்க. அது ஒரேயடியா எகிறிடுச்சு. இந்த வலிப்புல உயிரே போயிருக்கும்."

அதற்கு வைத்தியம் என்ன என்று சொன்னபோதுதான் சம்பத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுபடியும் மாத்திரை. அதே இனத்தில் வேறொன்று. உடம்பில் நீண்ட நேரம் நிற்கக்கூடியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. மனநலப் பிரிவுக்கு வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"விட்றதுக்கே சாப்டணுமா? நான் இன்னா பைத்தியமா, அங்க போய் நிக்க?"

"பைத்தியம்னு யாரு சொன்னா? உங்களுக்கு இதப் பக்குவமா குறைச்சுக் குடுக்கத் தெரிஞ்சவங்க அங்கதான் இருக்காங்க."

ஊருக்குத் திரும்பிய மறுநாளே சம்பத் ரத்தினசாமி கடைக்குப் போனான். வேலூரில் பஸ் ஏறும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தான்.

"சீட்டு இல்லாம எப்பிடி குடுத்த? நாலு வருஷம்!"

ரத்தினசாமி குரலை உயர்த்தவில்லை. "நீ வந்து கேட்ட, குடுத்தேன். ஒரு நாள் இல்லன்னு சொன்னதுக்கு இதே கல்லாவ ஓங்கித் தட்டுன. மறந்துட்டியா?"

சம்பத் மறக்கவில்லை. தட்டியது உண்மைதான். கெஞ்சியதும் உண்டு. கடைக்கு வந்திருந்த ஒரு பெண் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்று பார்த்தாள். அவன் திரும்பி நடந்தான். தப்பு ரத்தினசாமி மேல் முழுசாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்தான்.

கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் ஹரிஹரன் மரியாதையாகத்தான் பேசினார். "ஃபிட்ஸ் வந்த ஆளு கைல பஸ்ஸக் குடுக்க முடியாது சம்பத். டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், பாக்கலாம்." அதுவரை கேட்டில் நின்று உள்ளே வருகிற வண்டி நம்பரை எழுதுகிற வேலை. சம்பளம் கம்மி. தினமும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் யாசிர் ஓட்டிவரும் பஸ் நம்பரை சம்பத் தன் கையாலேயே எழுதினான். பூரணி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அவன் குனிந்துகொள்வான்.

குறைப்பது என்பது நேர்கோடாக நடக்கவில்லை. முதல் இரண்டு மாதம் சரியாகப் போனது. அப்புறம் கால் மாத்திரை குறைத்தாலும் உடம்பு சண்டை போட்டது. தோல் எரிந்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது. "மனசு திடமா இருந்தா இதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று அண்ணன் போனில் புத்தி சொன்னான். "மனசாலயா நான் சலூன்ல விழுந்தேன்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தான். ஒரு நாள் கேட்டில் லாரிக்காரன் ஒருவனோடு தகராறு. அன்று வீட்டுக்கு வந்து பூரணிக்குத் தெரியாமல் நான்கு நாள் மாத்திரையை ஒன்றாக விழுங்கினான். அடுத்த நாள் அவளே எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மாத்திரைகளை அவன் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் முடியலங்க. லைன்ல நிமிஷத்துக்கு ஒரு பீஸ் தச்சுட்டு, வீட்டுக்கு வந்து உங்க மாத்திரைய எண்ணணும். நான் போலீஸ்காரியா? நீங்களே எண்ணுங்க."

அவன் மாத்திரைகளை எடுத்து எண்ணினான். அடுத்த முறை வேலூருக்குப் போனபோது நடந்ததைத் தானே சொன்னான். அங்கிருந்த டாக்டர் கோபப்படவில்லை. ஒரு மாதம் இதே அளவிலேயே நிற்கலாம், அவசரம் வேண்டாம் என்றார். இன்னும் ஒரு மாதமா என்று சம்பத்துக்கு வெறுத்துப் போனது. ஆனால் நின்றான். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் தேதி போட்டு, சாப்பிட்ட அளவை எழுத ஆரம்பித்தான்.

கடைசிக் கால் மாத்திரையை விடும்போது பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதோடு தூக்கம் திரும்பி வந்துவிடவில்லை. சில நாள் ஐந்து மணி நேரம், சில நாள் இரண்டு. தூங்காத மறுநாளும் கை நடுங்கவில்லை. அது ஒன்றுதான் லாபம். இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஹரிஹரன் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். ஆள் ஏற்றும் வண்டி இப்போதைக்கு இல்லை, தோல் ஏற்றும் மினி லாரிதான், அதுவும் பகலில் மட்டும் என்றார்.

"சரிங்க சார்," என்றான் சம்பத்.

முதல் டிரிப் ராணிப்பேட்டைக்கு. அன்று பூரணிக்கு வாராந்திர லீவு. வாலாஜாவில் இருக்கும் தங்கையைப் பார்க்க வேண்டும் என்று காரணம் சொல்லி அவளும் ஏறிக்கொண்டாள். கேபினில் தோல் நாற்றம் குமட்டியது. ஆம்பூர் தாண்டி ஹைவேயில் ஏறியதும், அவனைக் கண்காணிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. அதைக் கேட்டுவிடுவது என்று திரும்பினான்.

அவள் வாயை லேசாகத் திறந்தபடி, ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்டத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எரிச்சலாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. சம்பத் ஹாரன் அடிக்காமல், முன்னால் போன டிராக்டருக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் பொறுமையாக ஓட்டினான்.