முத்தாலம்மாள் மரத்துக் கீரை

ஜெரூஷாவின் கன்னத்தில் இரும்புத் தோசைக்கரண்டி காந்தத்தில் பிடித்ததுபோல் ஒட்டிக்கொண்டது 2004ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. முடிச்சூரில் அந்த வாரம் கத்தரிக்காய் கிலோ எட்டு ரூபாய். அம்மா பியூலா கரண்டியைப் பிடுங்கித் தோசையைத் திருப்பிவிட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். ஆறு மாதத்துக்கு முன் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் வெறும் ஆறு. மாடிப்படி ஏறினாலே மயங்கி விழுவாள். எந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ரத்தத்தில் இரும்பு ஏறிப் பன்னிரண்டு.

எல்லாம் அப்பா வில்பிரட்டின் கைங்கரியம். தாம்பரத்தில் தாவரவியல் வாத்தியார். நல்ல செடிமுருங்கைக் குச்சியை மூன்று விதைக்கன்றுகளின் மேல் ஒட்டுக் கட்டிப் பார்த்தார்; கீரை வந்தது, பெண்ணுக்கு ரத்தம் ஊறவில்லை. இலையின் சத்து வேரைப் பொறுத்தது, பழைய வேர்தான் வேண்டும் என்று முடிவு கட்டினார். பழைய வேர் அவர் மனை மூலையிலேயே நின்றது. மனையை அவருக்கு விற்ற முத்தாலம்மாள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த முருங்கையில மட்டும் கத்தி வெக்காத சார். எம் பொண்ணு அஞ்சலியோட தொப்புள்கொடி அதுங்கீழதான் கீது." வில்பிரட் தலையாட்டினார். பிறகு இடுப்பளவில் அறுத்து, பிளந்து, குச்சியைச் செருகிக் கட்டினார். அடிமரம் உயிரோடுதானே இருக்கிறது, இது வெட்டியதாகாது என்று தமக்கே சொல்லிக்கொண்டார். படித்தவர் அல்லவா, சமாதானத்துக்கா பஞ்சம்!

அந்த மரத்துக் கீரையில் ஜெரூஷாவுக்கு ஹீமோகுளோபின் மாதம் ஒன்று ஏறியது. பின்தெருவில் பத்தொன்பது வயது அஞ்சலிக்கு மாதம் ஒன்று இறங்கியது. ஏற்றுமதி கம்பெனியில் தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். முத்தாலம்மாள் லேப் சீட்டோடு வில்பிரட்டிடமே வந்தாள். "இன்னா எழுதிகீதுன்னு பாரு சார்." பன்னிரண்டு இருந்த இடத்தில் ஆறு. "முருங்கைக்கீரை குடுங்கம்மா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு வில்பிரட் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். மனுஷன் அதைத் தலைகீழாகச் செய்திருந்தார்.

எட்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை, ஜெபமும் வரவில்லை. கீரையை நிறுத்தினால் மகள் விழுவாள். நிறுத்தாவிட்டால் அஞ்சலி போய்ச் சேருவாள். ஒன்பதாம் நாள் பின்தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

முத்தாலம்மாள் கத்தவில்லை. "அப்ப எம் பொண்ணு ரத்தத்துலதான் உம் பொண்ணு ஓடிக்கினு கீதா?"

"ஆமாம்மா. அந்த ஒட்டை வெட்டிப் போட்டுடறேன்."

"வேணாம். அதுவும் ஒரு புள்ளதானே. பாதியக் குடு, நீயே கொண்டாந்து குடு. அஞ்சலிகிட்ட மட்டும் எதுவும் சொல்லாத."

அன்றுமுதல் கீரை இரண்டு கட்டானது. இரண்டு பெண்களுக்கும் ஒன்பதில் வந்து நின்றது. அதற்குமேல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. லேப்காரர்கள் ஏன் என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். 2009இல் அஞ்சலி கல்யாணமாகித் திருநீர்மலைக்குப் போனாள். வில்பிரட் தினமும் பஸ் பிடித்துக் கட்டைக் கொண்டுபோகிறார். அவள் மாடிப்படியின் பாதியில் ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி, இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறாள்.

"உங்க நல்ல மனசு யாருக்கு வரும் சார்" என்கிறாள், ஒவ்வொரு நாளும்.