இது ஜெபவீடு அல்ல

கங்கையம்மாளின் முட்டிவலி குணமானதுதான் எங்களுக்கு வினையாக வந்தது.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஒரு பழைய சிமெண்ட் கிடங்கை வாடகைக்கு எடுத்து நானும் என் தம்பி ஆபேலும் ஸ்டுடியோ நடத்துகிறோம். வார நாட்களில் பேண்டுகள் வந்து பயிற்சி செய்யும். சனிக்கிழமை மாலைகளில் அதே கூடத்தில் டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்த வேண்டும் என்று ஆசை. பெயர் ‘அஞ்சு கட்டை’, சுருதிக் கணக்கில் வைத்தது. போர்டைப் பார்த்து மரக்கடை என்று நினைத்து, கதவுச் சட்டம் விலை கேட்டவர்களையெல்லாம் சுலபமாகத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஜெபம் கேட்டு வந்தவர்களைத்தான் அனுப்ப முடியவில்லை.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் வரிசையாகச் செருப்பு; கார்ப்பெட் பாழாகக் கூடாதென்று நாங்கள்தான் கழற்றச் சொன்னோம். உள்ளே டிரம்ஸ், கீபோர்டு, கிடார், பிளாஸ்டிக் நாற்காலிகள். கண்ணை மூடிக் கையைத் தூக்கிப் பாடும் பிள்ளைகள். நடத்துகிற என் பெயரோ கெசியா, பைபிள் பெயர். தாம்பரம் பக்கத்தில் இதை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

அடுத்த தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் கங்கையம்மாள் ஒருநாள் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, முட்டிவலிக்கு ஜெபம் பண்ணச் சொன்னார். இது பாட்டுப் பயிற்சி செய்யும் இடம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நகர்வதாக இல்லை. நொண்டிக்கொண்டு வந்தவரை வெறுமனே அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. நான் பாஸ்டர் மகள் இல்லை, கணக்கு டீச்சர் மகள். தெரிந்த அளவில் நாலு வார்த்தை ஜெபித்தேன். என் கெட்ட நேரம், வலி விட்டுவிட்டது. மறுநாள் காலையில் வாசலில் ஒரு கும்பல்.

அந்தக் கும்பலைப் பார்த்துவிட்டுத்தான் கட்டட ஓனர் அரிகிருஷ்ணன் வந்தார். ஊரின் பழைய குடும்பம். இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு வயல். இப்போது செங்கல், ஜல்லி வியாபாரம். சத்தம் போடுகிற ஆள் இல்லை, அதனால்தான் எனக்குப் பயம்.

“பாட்டுன்னு சொன்னதாலதான் குடுத்தேன். நீ சபை நடத்துறேன்னு தெருவே பேசிக்கினு கீது. நான் எந்தச் சாமிக்கும் விரோதி இல்லம்மா. ஆனா சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணுன்னா எனக்கு ஒத்துவராது” என்றார்.

நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், நம்பவில்லை. கடைசியில், வருகிற சனிக்கிழமை எங்கள் முதல் கச்சேரிக்கு மனைவியோடு வந்து அவரே பார்ப்பது என்று முடிவாயிற்று. சபை மாதிரித் தெரிந்தால் நாங்கள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

அவர் போனதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வேலையை விட்டுவிட்டு, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, எதிரொலி அடங்க நாயாய் உழைத்த இடம். அதற்காக என் பெயரை மாற்றிக்கொள்ளவா முடியும்?

பெயரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றினேன். பாடப்போவது வண்டலூர் விக்கியின் பேண்டு. விக்கி வீட்டில் வருடா வருடம் காவடி எடுப்பார்கள். ஆனால் அவன் கிடார் பிடிக்கக் கற்றது நண்பனுடைய சபையில்தான். இந்தப் பக்கத்தில் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் அங்கேதானே இருக்கின்றன? அதனால் காதல் பாட்டைக்கூட அவன் ஆராதனை மாதிரித்தான் பாடுவான். அவனுக்குச் சட்டம் போட்டேன். கண்ணை மூடக் கூடாது. கையைத் தூக்கக் கூடாது. ‘ஓ’ என்று இழுக்கக் கூடாது. மூச்சாவது விடலாமா என்று கேட்டான்.

சனிக்கிழமை மாலை கூடம் நிறைந்துவிட்டது. அரிகிருஷ்ணனும் அவர் மனைவி கிளியம்மாளும் வந்து, கிடைத்த நாற்காலியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் சவுண்ட் மிக்ஸரில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

விக்கி சொன்ன பேச்சைக் கேட்டான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பவனைப் போல விறைத்துக்கொண்டு, முழித்த கண்ணோடு பாடினான். ஸ்வரம் பிசகவில்லை, உயிர்தான் இல்லை. இரண்டாவது பாட்டிலேயே பாதிப்பேர் போனை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதற்குக் கைதட்டல் பரிதாபத்தில் வந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. இடத்தைக் காப்பாற்றப் போய்ப் பாட்டை நானே கொன்றுகொண்டிருந்தேன். இப்படிக் கிடைக்கிற இடத்தில் மறுபடி சிமெண்ட்தான் அடுக்க வேண்டும். மிக்ஸரை ஆபேலிடம் விட்டுவிட்டு மேடைக்குப் போனேன்.

“கண்ணை மூடிக்கோடா. எப்படிப் பாடுவியோ அப்படியே பாடு.”

“ஓனர் கீறாரேக்கா.”

“இருக்கட்டும்.”

வண்டலூர் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டவனைப் பற்றி அவனே எழுதிய பாட்டு. கண்ணை மூடினான். கை தானாக மேலே போனது. அந்த ‘ஓ’வை அவன் இழுத்த இழுப்பில் போன்களெல்லாம் பைக்குள் போயின. கூடமே எழுந்து கையைத் தூக்கிக்கொண்டு கூடவே பாடியது. பாட்டு முடிந்த நொடியில், கதவோரம் எப்போது வந்து நின்றாரோ, கங்கையம்மாள் ஊர் கேட்க “ஆமென்” என்றார்.

அரிகிருஷ்ணன் எழுந்து என்னை நோக்கி வந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கே போய் இடம் தேடுவது என்று மனம் அப்போதே அலையத் தொடங்கியது.

“இது சபை இல்லம்மா” என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

“சபைன்னா புதுசா வந்தவனை வுடுவாங்களா? பேர் கேப்பாங்க, முன்னாடி உக்கார வெப்பாங்க, இன்னா கஷ்டம்னு விசாரிப்பாங்க. இங்க வந்ததுலர்ந்து என்னை ஒருத்தன் திரும்பிப் பாக்கல. அல்லாரும் அந்தப் பையனயே பாத்துக்கினு கீறாங்க.”

சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. முன்வரிசையில் இடம் போடுகிறேன் என்றேன். வேண்டாம், உபசாரம் செய்தால் மறுபடி சந்தேகம் வந்துவிடும் என்றார். தாராளமாக நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு, போகலாம் வா என்று மனைவியைக் கூப்பிட்டார்.

விக்கி அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தான். அரிகிருஷ்ணன் இன்னொரு தரம் கூப்பிட்டார். கிளியம்மாள் மேடையைப் பார்த்தபடியே இருந்தார், கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.